கண்ணுக்குப் பின்னால் கலக்கும் இரத்தம்: எந்த வழியாக அடைப்பது?

கண் சிவந்து வீங்கியிருக்கும், கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டும் இருக்கும். சாதாரணக் கண்நோய் என்று நினைத்துப் போட்ட சொட்டு மருந்துக்கு வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் தெரியாது. இரவில் எல்லாம் அடங்கிய பிறகு, நாடித்துடிப்போடு சேர்ந்து தலைக்குள் 'உஸ்ஸ்... உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 'கரோட்டிட் கேவர்னஸ் ஃபிஸ்டுலா' என்று மருத்துவர் சொல்வார். கண்ணுக்குப் பின்னால் தமனிக்கும் சிரைக்கும் இடையே உண்டாகிவிட்ட தவறான இணைப்பு என்று அதற்கு அர்த்தம். கையோடு காயில், பலூன், ஸ்டென்ட், பசை என்று சில பெயர்களும் வரும்.

இவற்றில் எது நல்லது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முதலில் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். இரத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது? எந்த வழியாக வெளியே போகிறது? எதைக் கொண்டு அடைப்பது என்பதைப் பெரும்பாலும் வரும் வழி சொல்லிவிடும். எவ்வளவு அவசரம் என்பதைப் போகும் வழி சொல்லும். குடும்பத்தார் பேச்சு பெரும்பாலும் அடைக்கும் பொருளைச் சுற்றியே இருக்கும். என்னைக் கேட்டால், போகும் வழியைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

வரும் வழி, போகும் வழி

கேவர்னஸ் சைனஸ் என்பது கண்குழிக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், பிட்யூட்டரி சுரப்பியின் இரு பக்கமும் இருக்கும் சிரை அறை. கண்ணிலிருந்து திரும்பும் அசுத்த இரத்தம் இதில் வந்து சேரும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் உள் கரோட்டிட் தமனி இந்த அறைக்குள்ளேயே புகுந்து வளைந்து மேலே போகிறது. கண்ணை அசைக்கும் நரம்புகளும் இதன் வழியாகத்தான் போகின்றன. அவற்றில் ஆறாம் நரம்பு தமனியை ஒட்டியே செல்கிறது. தமனியின் அழுத்தத்தோடு இரத்தம் இந்தச் சிரை அறைக்குள் பாய ஆரம்பித்தால், கண்ணிலிருந்து வரும் இரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கும். சில சமயம் எதிர்த்திசையில் கண்ணை நோக்கியே பாயும். சிவப்பு, வீக்கம், இரட்டைப் பார்வை, கண் அழுத்த உயர்வு எல்லாமே இதனால் வருபவை.

வரும் வழியை வைத்து 1985-இல் பேரோவும் சக மருத்துவர்களும் வகுத்த நான்கு பிரிவுகளைத்தான் இன்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஏ வகையில் கரோட்டிட் தமனியின் சுவரிலேயே ஓட்டை. இதை நேரடி வகை என்பார்கள். தலையில் பலமாக அடிபட்டவர்களிடம்தான் அதிகம். சிலருக்கு அந்த இடத்தில் இருந்த தமனி வீக்கம் வெடித்து வரும். இரத்தம் வேகமாகப் பாயும், அறிகுறிகள் சட்டென்று வரும். பி, சி, டி மூன்றும் மறைமுக வகைகள். இவற்றில் பெரிய தமனிக்குச் சேதம் இல்லை, மூளை உறைக்குப் போகும் சின்னக் கிளைகள் வழியாக இரத்தம் வருகிறது. பி-யில் உள் கரோட்டிடின் கிளைகள், சி-யில் முகத்துக்கும் தலையின் வெளிப்பகுதிக்கும் இரத்தம் தரும் வெளிக் கரோட்டிடின் கிளைகள், டி-யில் இரண்டும். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். அடி எதுவும் பட்டிருக்காது, மெதுவாகத்தான் ஆரம்பிக்கும்.

போகும் வழிகளும் பல. முன்பக்கம் கண்ணின் மேல் சிரை வழியாகப் போனால் பாதிப்பு கண்ணில் தெரியும். பின்பக்கம் கீழ் பெட்ரோசல் சைனஸ் என்ற சிரைப் பாதை வழியாகக் கழுத்துச் சிரைக்கு இறங்கினால் பெரிய தொல்லை இல்லாமலும் இருக்கலாம். மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் திரும்பினால்தான் ஆபத்து. அந்த மெல்லிய சிரைகள் தமனி அழுத்தத்தைத் தாங்காமல் மூளைக்குள் இரத்தக்கசிவு வரலாம். கண் எவ்வளவு மோசமாகத் தெரிகிறது என்பதை வைத்து இதைக் கணிக்க முடியாது. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் சந்தேகத்தைக் கிளப்பும், வழிகளைத் துல்லியமாகக் காட்டுவது, இரத்தக்குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு எடுக்கும் கதீட்டர் ஆஞ்சியோகிராம்தான். அதிலும் இரு பக்க உள், வெளிக் கரோட்டிடுகள், முதுகெலும்புத் தமனிகள் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் மறுபக்கத்திலிருந்து வரும் கிளை தப்பிவிடும்.

நேரடி வகை என்றால்

நேரடி வகையில் காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஓட்டை தானாக மூடுவது அபூர்வம், பார்வை சில நாட்களிலேயே போகக்கூடும். அடைத்தே ஆக வேண்டும். கரோட்டிடின் ஓட்டம் கெடாமல் ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டும் என்பதுதான் இதில் சவால்.

1809-இல் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ் என்ற அறுவை மருத்துவர், துடித்துக்கொண்டு வெளியே தள்ளிய கண்ணுக்காகக் கழுத்தில் கரோட்டிடையே கட்டினார். இன்று அதைச் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. கீழே கட்டினாலும், மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் மேலிருந்து இரத்தம் இறங்கி ஓட்டைக்குள் பாயும். கதீட்டர் போக வேண்டிய பாதையும் போய்விடும்.

பலூன் முறையை உலகறியச் செய்தவர் மாஸ்கோவின் ஃபியோடர் செர்பினென்கோ. அவருடைய கட்டுரை 1974-இல் வந்தது. தொடை இடுக்கிலிருந்து போகும் கதீட்டரின் நுனியில் சின்ன பலூன் இருக்கும். இரத்தத்தின் வேகமே அதை ஓட்டை வழியாகச் சிரை அறைக்குள் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே போனதும் அதை நிரப்பி, கழற்றி அங்கேயே விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு பலூன்களிலேயே வேலை முடிந்துவிடலாம். சரியாக உட்கார்ந்துவிட்டால் அப்போதே சத்தம் நின்றுவிடும். சிக்கல் ஓட்டையின் அளவில் இருக்கிறது. சின்ன ஓட்டை என்றால் பலூன் உள்ளே நுழையாது. பெரிது என்றால் நிரப்பிய பலூன் தமனிக்குள்ளேயே திரும்பி வரும். அடிபட்டவர்களுக்கு உடைந்த எலும்பின் கூர்முனை பலூனைக் குத்திவிடலாம். பலூன் முன்கூட்டியே சுருங்கினால் இணைப்பு மறுபடி திறக்கலாம், அல்லது அந்த இடத்தில் ஒரு பை போன்ற வீக்கம் மிஞ்சலாம். பல நாடுகளில் இந்தக் கழற்றும் பலூன் இப்போது கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில், பழகிய கையில், அளவு பொருந்திய ஓட்டைக்கு இது இன்றும் நல்ல வழிதான். பழைய முறை என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை.

காயில் என்பது முடியைப் போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருள். இதன் பெரிய பலம், கழற்றுவதற்கு முன் பிடிக்கவில்லை என்றால் பின்னால் இழுத்து வேறு விதமாக வைக்கலாம் என்பது. ஓட்டை எந்த அளவாக இருந்தாலும் மெல்லிய கதீட்டர் உள்ளே போய்விடும். சுருள்களை வைக்கும்போது அவை தமனிக்குள் நழுவாமல் இருக்க, ஓட்டைக்கு நேராகத் தமனிக்குள் ஒரு தற்காலிக பலூனை ஊதிப் பிடித்துக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். குறை என்னவென்றால், வேகமாக இரத்தம் பாயும் பெரிய அறைக்கு நிறையச் சுருள்கள் தேவைப்படும். செலவும் அதற்கேற்பக் கூடும். தளர்வாக அடைத்தால் இடுக்குகளில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நெருக்கி அடைத்தால் பக்கத்திலிருக்கும் நரம்புகள் நசுங்கி இரட்டைப் பார்வை வரும். அதனால் கொஞ்சம் சுருளை வைத்துவிட்டு மீதி இடத்தைத் திரவ அடைப்பானால், அதாவது முதலில் சொன்ன பசையால், நிரப்புவதும் உண்டு.

அப்புறம் ஸ்டென்ட், அதாவது தமனிக்குள் விரித்து வைக்கும் வலைக் குழாய். உறை போட்ட ஸ்டென்ட் ஓட்டையை உள்பக்கத்திலிருந்து அப்போதே மூடிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமனி அந்த இடத்தில் பாம்புபோல் வளைந்து போகிறது, உறை ஸ்டென்டோ விறைப்பானது. கொண்டுபோய்ச் சேர்ப்பதும் சுவரோடு ஒட்ட வைப்பதும் கடினம். வளைந்து கொடுக்கும் மெல்லிய வலை ஸ்டென்ட் எளிதாகப் போகும், ஆனால் அதன் கண்கள் வழியாக இரத்தம் கசிந்துகொண்டே இருந்து மெதுவாகத்தான் ஓட்டை மூடும். இரண்டுக்குமே, இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரும். ஓட்டை மூட அந்த இடத்தில் இரத்தம் உறைய வேண்டும், ஸ்டென்ட் திறந்திருக்க இரத்தம் உறையக் கூடாது. வேகமாகப் பாயும் இணைப்புக்கு வலை ஸ்டென்டை மட்டும் நம்புவதில் எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான். காயிலுக்குத் துணையாக அது நல்லது.

விபத்தில் அடிபட்டவருக்கு இந்த மருந்துப் பிரச்சினை இன்னும் கூடும். தலையில் வேறு இடத்தில் இரத்தக்கசிவு இருக்கலாம், எலும்பு அறுவை சிகிச்சை பாக்கியிருக்கலாம். அவருக்கு இந்த இரண்டு மாத்திரைகளையும் கொடுப்பதே ஆபத்து. அவருடைய விஷயத்தில் காயிலோ பலூனோதான் முதலில் பேசப்பட வேண்டும்.

தமனிச் சுவர் சரிசெய்யவே முடியாத அளவுக்குக் கிழிந்திருந்தால் அந்தப் பக்கத் தமனியையே நிரந்தரமாக மூட வேண்டி வரும். அதற்கு முன் பலூனால் தற்காலிகமாக அடைத்துச் சோதிப்பார்கள். நோயாளி விழித்திருப்பார். பேசச் சொல்வார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள், மறுபக்கத்திலிருந்து மூளைக்குப் போதிய இரத்தம் வருகிறதா என்று படத்திலும் பார்ப்பார்கள். மூடும்போது ஓட்டைக்குக் கீழே மட்டும் மூடினால் போதாது, மேலேயும் மூட வேண்டும். டிராவர்ஸ் காலத்து முறையின் குறை இங்கேயும் பொருந்தும். இது கடைசி வாய்ப்பு, ஆனாலும் அவசரத்தில் உயிரைக் காக்கும்.

மறைமுக வகை என்றால்

இங்கே கணக்கே வேறு. மறைமுக வகைகளில் ஒரு கணிசமான பகுதி தானாகவே மூடிவிடும். பார்வை நன்றாக இருந்து, கண் அழுத்தம் சொட்டு மருந்தில் கட்டுப்பட்டு, மூளைச் சிரைகளுக்குள் இரத்தம் திரும்பாமலும் இருந்தால், காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் காத்திருப்பு என்றால் கண் மருத்துவரிடம் அடிக்கடி போய் அழுத்தம், பார்வை, விழித்திரை மூன்றையும் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். இயல்பான கண் அழுத்தம் சுமார் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். இந்த நோயில் கண்ணைச் சுற்றியுள்ள சிரைகளிலேயே அழுத்தம் ஏறியிருப்பதால், சொட்டு மருந்தால் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. மருந்து கூட்டியும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் காத்திருந்தது போதும் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிகிச்சை இல்லாமலே கண் திடீரென்று தெளிந்து, அதே சமயம் தலைவலி புதிதாக வந்தாலோ கூடினாலோ சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. முன்பக்க வழி அடைபட்டு இரத்தம் மூளைச் சிரைகளுக்குத் திரும்பியிருக்கலாம். மறுபடி ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால்தான் மூடிவிட்டதா, திசை மாறிவிட்டதா என்று தெரியும்.

காத்திருக்கும் காலத்தில் சிலருக்குக் கழுத்தில் கரோட்டிடை அழுத்தும் பயிற்சி சொல்லித்தருவார்கள். நோய் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கக் கையால்தான் அழுத்த வேண்டும். வலப்பக்க நோய் என்றால் இடக்கையால். வலப்பக்க மூளைக்கு இரத்தம் குறைந்தால் முதலில் தளர்வது இடக்கைதான். அது தானாகக் கீழே விழுந்துவிடும், அழுத்தமும் விட்டுவிடும். படுத்தோ உட்கார்ந்தோ, முதலில் 10 நொடி, பழகிய பிறகு 30 நொடி வரை, மணிக்குச் சில தடவை என்பது பொதுவான அளவு. 1986-இல் வெளியான ஒரு தொகுப்பில் மறைமுக வகையினரில் சுமார் 30 விழுக்காட்டினருக்கும், நேரடி வகையினரில் 17 விழுக்காட்டினருக்கும் இப்படி மூடியது. கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிந்தவர்கள், இதயத்துடிப்பு மெதுவாக இருப்பவர்கள், மூளைச் சிரைகளுக்குள் ஓட்டம் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. யாரும் படித்துவிட்டுத் தாமாக ஆரம்பிக்கவும் வேண்டாம். முதல் தடவை மருத்துவர் முன்னால்தான்.

அடைக்க வேண்டும் என்று ஆகிவிட்டால் சிரை வழியா, தமனி வழியா என்பதுதான் பெரிய முடிவு. மறைமுக வகையில் பெரும்பாலானவர்களுக்கு நான் சாய்வது சிரை வழிக்குத்தான். இரத்தம் கொண்டுவரும் கிளைகள் பத்து இருக்கலாம், ஒவ்வொன்றும் நூல்போல இருக்கும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று பெருக்கும். அவை வந்து சேரும் அறை ஒன்றே ஒன்று. அறையையே அடைத்துவிட்டால் எத்தனை கிளைகள் இருந்தாலும் கவலையில்லை.

பாதை தொடை இடுக்குச் சிரையிலிருந்து கழுத்துச் சிரைக்கு ஏறி, கீழ் பெட்ரோசல் சைனஸ் வழியாக அறைக்குள் போகும். ஆஞ்சியோகிராமில் அந்த சைனஸ் தெரியவில்லை என்றாலும் பழகியவர்கள் மெல்லிய கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே புகுந்துவிடுவது உண்டு. முடியவில்லை என்றால் முகச் சிரை வழியாகச் சுற்றிப் போய்க் கண்ணின் மேல் சிரையைப் பிடிப்பார்கள். அதுவும் முடியவில்லை என்றால் கண் அறுவை மருத்துவர் மேலிமை மடிப்பில் சின்னதாகக் கீறி அந்தச் சிரையை வெளியே எடுத்துக் கொடுப்பார், அதற்குள் கதீட்டரை விடுவார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். ஆனால் சமீபத்தில் விரிந்த சிரையின் சுவர் மெல்லியதாக இருக்கும், கிழிந்தால் கண்குழிக்குள் இரத்தம் பரவும். அதனால் இரண்டு துறை மருத்துவர்களும் சேர்ந்து வேலை செய்யும் இடமாக இருந்தால்தான் இதைத் துணியலாம்.

அறைக்குள் போன பிறகு எந்த இடத்திலிருந்து அடைக்க ஆரம்பிக்கிறார்கள் என்பதும் முக்கியம். இரண்டு மடை உள்ள குளத்தில் ஒன்றை மட்டும் மூடினால் தண்ணீர் முழுக்க மற்றதை உடைத்துக்கொண்டு போகும். அதுபோல, நல்ல பின்பக்க வழியை முதலில் மூடிவிட்டுப் பாதியில் நிறுத்தினால், முழு வேகமும் கண்ணை நோக்கியோ மூளையை நோக்கியோ திரும்பும். அதனால் மூளைச் சிரை தொடங்கும் வாயை முதலில், கண் சிரையின் வாயை அடுத்து, கடைசியாக மற்ற இடம் என்று அடைத்துக்கொண்டே பின்னால் வருவார்கள். 'பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் எந்த வழி திறந்திருக்கும்?' என்று ஆபரேஷனுக்கு முன் மருத்துவரைத் தாராளமாகக் கேட்கலாம். நல்ல கேள்வி அது, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தமனி வழி என்றால் பெரும்பாலும் ஓனிக்ஸ் போன்ற திரவ அடைப்பான். வெளிக் கரோட்டிடின் கிளை ஒன்று பெரிதாக இருந்து, சி வகையாகவும் இருந்தால் இது சுலபமாக முடியலாம். பயம் எங்கே என்றால், இந்தச் சின்னக் கிளைகள் மறைவாகக் கண் தமனியோடும் முக நரம்புக்கு இரத்தம் தரும் கிளைகளோடும் இணைந்திருக்கும். திரவம் கொஞ்சம் அந்தப் பக்கம் போனாலும் பார்வை போகலாம், முகம் கோணலாம், பக்கவாதமும் வரலாம். உள் கரோட்டிடின் கிளைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், அதனால் பி, டி வகைகளில் தமனி வழியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். திரவத்தைச் செலுத்தும்போது சிலருக்கு இதயத்துடிப்பு சட்டென்று இறங்கும், மயக்க மருத்துவர் அதற்குத் தயாராகவே இருப்பார். முடிந்த பிறகு ஓரிரு நாள் மூச்சில் பூண்டு வாடை வீசும். அது திரவத்தில் கலந்திருக்கும் கரைப்பானின் வாடைதான், பயப்பட ஒன்றுமில்லை.

கதிர்வீச்சு முறையும் இருக்கிறது. கத்தியும் கதீட்டரும் இல்லாமல் முடியும், ஆனால் பலன் தெரிய மாதங்களிலிருந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். பார்வை போய்க்கொண்டிருப்பவருக்கும் மூளைச் சிரை ஓட்டம் உள்ளவருக்கும் அந்த அவகாசம் கிடையாது. மற்ற வழிகள் பலிக்காமல், அவசரமும் இல்லாதவருக்கு மட்டும் பொருந்தும். மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை இப்போது மிக அரிது.

அடைத்த பிறகு

எல்லாம் நன்றாக முடிந்தாலும் கண் அன்றைக்கே வெள்ளையாகிவிடாது. முதலில் நிற்பது சத்தம், பலருக்கு மேசையிலேயே. வீக்கமும் சிவப்பும் நாட்களிலிருந்து வாரங்களில் வடியும். இரட்டைப் பார்வை போக மாதங்கள் ஆகும். அதுவரை ஒரு கண்ணை மூடி வைப்பதோ தற்காலிகப் பட்டகக் கண்ணாடியோ உதவும். விழித்திரையோ பார்வை நரம்போ ஏற்கெனவே சேதமாகியிருந்தால் இணைப்பை அடைத்தாலும் போன பார்வை முழுதாகத் திரும்பாது. மருத்துவர் அவசரம் என்று சொன்ன பிறகும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நாட்களைக் கடத்துவது என்னைக் கவலைப்படுத்துவது இதனால்தான்.

சிலருக்கு முதல் சில நாட்களில் கண் முன்பைவிட வீங்கும். அடைத்த அறையிலிருந்து இரத்த உறைவு கண் சிரைக்குள் பரவுவதால் இப்படி ஆகும், பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். ஆனால் அப்படித்தான் என்று வீட்டிலிருந்தபடியே முடிவு செய்யக் கூடாது. கண் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சில நாட்கள் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பார்வை மங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுத்து, முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடையில் அந்த 'உஸ்ஸ்' சத்தம் திரும்பக் கேட்டாலோ, அடைத்த கண் நன்றாக இருக்க மறு கண் சிவக்க ஆரம்பித்தாலோ, அந்தத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இரு பக்க சைனஸ்களும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. மிஞ்சிய இணைப்பு எதிர்ப்பக்கத்தில் தலைகாட்டுவது புதிதல்ல.